பிரிஹிராவின் கை

அமுக்கிவிடும் மேசை வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி. காலையிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று வாசலிலேயே ஹூரியா சொல்லியிருந்தாள்.

எருவேரா குப்புறப் படுத்து, முகத்துக்கென்று வெட்டியிருந்த ஓட்டைக்குள் முகத்தைப் பொருத்திக்கொண்டான். ஆக்லாந்தில் அவன் 'முன்னோர் வழிச் சிகிச்சை ஆசான்'. கழுத்தில் மூன்று எலும்புப் பதக்கங்கள். அவனுடைய வகுப்புக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே போவார்கள். அழுகை வராதவர்களுக்கு அடுத்த வகுப்பைச் சிபாரிசு செய்வான். அப்பேர்ப்பட்ட ஆசானின் வலது கை மூன்று மாதமாக மரத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். கை போனால் பிழைப்புப் போச்சு. அதனால்தான், பெரியம்மா பிரிஹிராவின் சாவுக்கு எட்டிப்பார்க்காதவன், இன்று சொந்த ஊரான ஹொக்கியாங்காவரை வண்டியோட்டி வந்து அவள் மகள் ஹூரியாவிடம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வழி ஞாபகம் இருக்கே, பரவால்லண்ணே," என்றாள் ஹூரியா. "மூணு நாள் அம்மாவ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். ஊரே வந்துச்சு. உனக்கு என்ன, கிளாஸா?"

"முன்னாடியே ஒத்துக்கிட்டது ஹூரியா..."

"சரி விடு. கை வைக்கிறதுக்கு முன்னாடி, நம்ம வழக்கப்படி உன் மலை, உன் ஆறு, நீ யார் வழி, சொல்லு. பார்த்துச் சொல்லு. செத்தவங்க பேரைச் சொன்னா கூப்பிட்டதாத்தான் அர்த்தம்."

மலையைச் சொன்னான். ஆற்றைச் சொன்னான். பிறகு, நூறு மேடைகளில் உருட்டிய வாய் தானாகவே உருட்டியது: "பிரிஹிரா, தன் கடைசி மூச்சில், தன் கைகளை எனக்குத் தந்தாள்."

பிரிஹிரா உயிரோடிருந்தபோது அவனிடம் சொன்னது வேறு: "உனக்குக் கத்துத்தர மாட்டேன்டா. நீ முதுகையா தொடுற, பையைத்தானே தடவுற."

"சொல்லிட்டே," என்றாள் ஹூரியா. "இனி என் கையில இல்ல."

தகரக் கூரையில் மழை பிடித்தது. கவகவா இலை எண்ணெயின் காரமான வாசனை எழ, இரண்டு கட்டைவிரல்கள் தோள்பட்டை எலும்புக்கு அடியில் இறங்கி, நரம்பு நரம்பாகத் தேடி, முதுகுத்தண்டின் ஓரமாக உழுதுகொண்டே போக, மரத்த கையில் முதன்முறையாகச் சுரீரென்று வலி வந்தது. எருவேரா அழுதான். வகுப்பில் அவன் அழவைத்தவர்களைப் போல அல்ல, நிஜமாகவே.

எண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஈர மண்.

விரல்கள் இன்னும் இறங்கின. தோலுக்குக் கீழே. சதைக்குக் கீழே.

"மெதுவா ஹூரியா!"

"என்னண்ணே?" குரல் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நான் தொடவே இல்லையே. அப்பவே வெளிய வந்துட்டேன்."

முதுகில் இரண்டு கைகள். அழுத்தம் குறையவில்லை.

ஓட்டை வழியே தரையைப் பார்த்தான். வெறுங்கால்கள். வீங்கிய கணுக்கால். நகங்களில் மண்.

எழப் பார்த்தான். முடியவில்லை. கத்தப் பார்த்தான். குரல் இல்லை.

விரல்கள் வலது கைக்கு நகர்ந்தன. முழங்கை. மணிக்கட்டு. உள்ளங்கை. அவசரமே இல்லை. உள்ளேயிருந்து எதையோ பற்றின. உருவின.

மேசையோரமாக வலது கை தொங்கியது, நனைந்த உறை போல, ஐந்து விரலும் சப்பையாக.

அந்தக் கால்கள் மெல்ல மேசையைச் சுற்றி நடந்து, அவனுடைய இடப் பக்கத்தில் வந்து நின்றன.