ஆறு மில்லிமீட்டர் மேலே

வியாழன், காலை 9.10.

வலது சீட் பூட்டவில்லை.

லகாட் சாலையோரத்தில் உள்ள தன் பட்டறையில் சன்னாசி அதை மீண்டும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். 1976-ஆம் வருடத்து ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டு கதவு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு. பின்சீட்டின் முதுகு இரண்டு துண்டாக இருக்கும். சாமான் ஏற்ற வேண்டுமென்றால் ஒன்றையோ இரண்டையுமோ முன்னால் மடக்கிக்கொள்ளலாம். இடது முதுகை நிமிர்த்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. வலது முதுகு நிமிர்ந்தது, நின்றது, கையை எடுத்ததும் முன்னால் விழுந்தது.

சீட்டின் தோளில் ஒரு கொக்கி இருக்கிறது. காரின் உட்சுவரில் விரல் தடிமனுக்கு ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது. கொக்கி கம்பியைக் கவ்வினால் சீட் பூட்டிக்கொள்ளும். இங்கே கொக்கி கம்பியைத் தொடாமல் அதற்கு மேலாகவே போனது. ஆறு மில்லிமீட்டர் மேலே.

ஏன் என்றுதான் தெரியவில்லை. சன்னாசி சீட்டின் இரும்புச் சட்டத்தைக் கழற்றித் தட்டையான மேசையில் கிடத்திப் பார்த்தார். எங்கும் வளைவு இல்லை. கொக்கியின் ஸ்பிரிங்கை மாற்றினார். கீலின் ஊசியை உருவிப் பார்த்தார், தேயவில்லை. முப்பது வருடம் சீட் வேலை செய்தவர் மூன்று நாள் தேடியும் சீட்டில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

காரின் சொந்தக்காரர் கேப்ரியல் கண்டுபிடித்துவிட்டார். ஈப்போ டவுனில் பல் மருத்துவர். நேற்று சாயங்காலம் சன்னாசியின் படத்தையும் பட்டறைப் பலகையையும் பேஸ்புக்கில் போட்டு எழுதியிருந்தார்: ‘என் காரின் அசல் சீட் சட்டத்தைத் திருடிக்கொண்டு போலியை மாட்டிக் கொடுத்தவன் இவன்.’ கையோடு போலீஸ் ரிப்போர்ட்டும் செய்தாயிற்று. நாளை மூன்று மணிக்கு சன்னாசி பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இன்று காலையிலேயே இரண்டு பேர் வந்து, பாதி வேலையில் கிடந்த தங்கள் வண்டிகளை ஓட்டிப் போய்விட்டார்கள்.

“ஒருத்தன்கூட என்ன நடந்துச்சுன்னு கேக்கல!” தையல் மெஷினிலிருந்து மங்களம் கத்தினாள். சன்னாசியின் மனைவி. சீட் உறை எல்லாம் அவள் தைப்பதுதான். “போட்டோவுல பாத்துட்டாங்களாம். இருபது வருசமா நம்ம கையில டீ வாங்கிக் குடிச்ச மூஞ்சிங்க!”

சன்னாசி கொக்கியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

“இப்படி வாயை மூடிக்கிட்டே இருந்தா உள்ளதான் உக்காரணும். நான் ஹில்டாவைக் கூப்பிட்டுட்டேன்.”

காலை 9.45.

ஹில்டா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துக் கார்களை அளந்து சேதத்தை மதிப்பிடுபவள். பதினேழு வருடமாக அதுதான் வேலை. எந்தக் காரும் அவளிடம் பொய் சொன்னதில்லை. காரோடு வரும் மனிதர்கள் தினமும் சொன்னார்கள். அதனால்தானோ என்னவோ, முன்கோபக்காரி என்று பெயர்.

“அண்ணே, முதல்லேர்ந்து சொல்லுங்க. சுத்தி வளைக்காதீங்க.”

“போன நவம்பர்ல சீட்டுக்குப் புதுத் தோல் போட்டேன். நானே கழட்டினேன், நானே மாட்டினேன். ரெண்டு விரலால தள்ளுனா பூட்டும்.”

“அப்புறம்?”

“நாலு மாசம் ஓட்டுனாரு. ஒரு குறையும் இல்ல. மார்ச்ல பெயின்டுக்குக் கால்வின்கிட்ட விட்டாரு. எட்டு வாரம். இந்தத் திங்கக்கிழமை வாங்கினவரு அன்னிக்கே இங்க வந்து, பூட்டலன்னு கத்துனாரு.”

ஹில்டா காருக்குள் தலையை விட்டு கீல்களைப் பார்த்தாள். சீட் முதுகின் அடியில், தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய கீல்கள். இடது கீல் தரையில் நேராக உட்கார்ந்திருந்தது. வலது கீலின் அடியில், ஒவ்வொரு போல்ட்டிலும் மூன்று வாஷர்கள். கீலின் மேல் வெள்ளைப் பெயின்டில் ‘3’ என்று எழுதியிருந்தது.

“இது?”

“நான் போட்டதுலா. நவம்பர்ல.”

“ஒரு வாஷர் எவ்வளவு தடிமன்?”

“ரெண்டு மில்லி.”

“ஏன் போட்டீங்க?”

சன்னாசி மனைவியைப் பார்த்தார்.

“சொல்லித் தொலைங்களேன்!” என்றாள் மங்களம்.

“அந்த வண்டி வலது பின்பக்கம் அடி வாங்கினது ஹில்டா. ரொம்ப வருசம் இருக்கும். நல்லாத் தட்டி எடுத்திருக்காங்க, வெளிய தெரியாது. ஆனா உள்ள அந்தக் கம்பி ஆறு மில்லி ஏறிப்போச்சு. கம்பி உடம்போட சேத்து வெல்டிங் பண்ணது, இறக்க முடியாது. அதனால சீட்டை ஏத்தினேன். ஏத்துனது தெரியாம இருக்க மேல பஞ்சைக் கொஞ்சம் சீவிட்டேன்.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“அடியே படாத வண்டின்னு பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு. வித்தவன் அப்படிச் சொல்லி வித்திருக்கான். அவர் மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?”

“இந்த மூணு நாள்ல அந்த வாஷரைக் கழட்டிப் பாக்கலையா?”

“எதுக்கு? நானே அளந்து போட்டது. அது இல்லாம பூட்டவே பூட்டாது.”

கைக்கு வந்ததையெல்லாம் கழற்றிப் பார்ப்பவன் முதல் நாளே அந்த வாஷர்களைக் கழற்றியிருப்பான். அளந்து வேலை செய்கிறவருக்குத் தன் அளவின் மேல் சந்தேகம் வராது. சன்னாசி காரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், தான் செய்ததை மட்டும் விட்டுவிட்டார்.

ஹில்டா அளவு நாடாவை எடுத்தாள். தரையிலிருந்து இடது கம்பி வரை 512 மில்லிமீட்டர். தரையிலிருந்து வலது கம்பி வரை 512. மறுபடி அளந்தாள். அதே 512.

நோட்டில் எழுதிக்கொண்டாள். பல்லைக் கடிக்கும் சத்தம் மங்களத்துக்குக் கேட்டது.

“அக்கா, இந்தக் காரை யாரும் தொடக் கூடாது. டாக்டரே வந்தாலும் சாவி குடுக்காதீங்க.”

காலை 11.20.

கேப்ரியல் கையுறையைக்கூடக் கழற்றாமல் தன் கிளினிக்கின் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார்.

“திருடனுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா?”

“நாலு கேள்வி டாக்டர். நவம்பர்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் கார் உங்க கையை விட்டு எங்க போச்சு?”

“கால்வின் பட்டறைக்கு. இப்ப அந்தத் திருடன் பட்டறைக்கு.”

“அவர்கிட்ட போறதுக்கு முன்னாலயே சீட் பூட்டலதானே?”

“திங்கக்கிழமை வீட்டு வாசல்லயே பூட்டல. அதான் கொண்டு போனேன்.”

“சட்டம் போலின்னு எப்படித் தெரியும்?”

“கால்வின் சொன்னான். சிங்கப்பூர்ல இந்த அசல் சட்டத்துக்கு அலையறாங்களாம். சீட் வேலை செஞ்சவன்தான் மாத்தியிருப்பான்னான்.”

“நீங்க சட்டத்தைப் பாத்தீங்களா?”

கேப்ரியல் பார்க்கவில்லை.

“பாக்காம ஒரு மனுசன் படத்தை ஊருக்கே காட்டுவீங்க!” ஹில்டாவின் குரலில், காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிற்பகல் 2.30.

மெங்லெம்புவில் உள்ள கால்வினின் பட்டறையில் தரையில் ஓர் எண்ணெய்த் துளி இல்லை. சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்த இடம். காரிலிருந்து கழற்றும் திருகுகள் தனித்தனிப் பைகளில், பெயர் எழுதித் தொங்கின.

“எது எங்கேர்ந்து வந்துச்சோ அங்கேயே போகும் மேடம். அதான் என் ஸ்டைல்.”

“டாக்டர் கார் சீட்டைக் கழட்டி மாட்டினது யாரு?”

“நானே.”

“வலது கீல்ல வாஷர் இருந்துச்சா?”

“மூணு. மூணுன்னு எழுதியும் இருந்துச்சு. அப்படியே போட்டேன். எங்க கையில ஒரு வாஷர்கூட மாறாது.”

“பின்பக்கம் தகரம் தட்டினீங்களா? இழுத்து நிமித்தினீங்களா?”

“அடிபடாத வண்டியை எதுக்குத் தட்டணும்? தேய்ச்சோம், பெயின்ட் அடிச்சோம். அவ்வளவுதான்லா.”

“எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

சிரித்துக்கொண்டே போட்டான். தேதியும் போட்டான்.

வெள்ளி, காலை 10.00.

சன்னாசியின் பட்டறையில் கேப்ரியல், கால்வின், லகாட் பாலாயிலிருந்து சார்ஜன் புனிதா. கார் நடுவில் நின்றது. பின்சீட்டின் அடியில் இருந்த கம்பளத்தை ஹில்டா ஏற்கனவே சுருட்டி வைத்திருந்தாள்.

“சீக்கிரம் மேடம்,” என்றான் கால்வின். “எனக்கு வேலை இருக்கு.”

“இருக்கும். சார்ஜன், இந்த சீட்ல ஒரு குறையும் இல்ல. சட்டம் அசல். நேத்து சாயங்காலம் நானே அதுல கம்பெனி முத்திரையைப் பாத்தேன். இந்த சீட் வளைஞ்ச காருக்காகச் சரி பண்ண சீட். வலது கம்பி ஆறு மில்லி ஏறியிருந்த கார். அதுக்காக அண்ணன் கீலை ஆறு மில்லி ஏத்தினாரு. மூணு வாஷர், ரெண்டு ரெண்டு மில்லி.”

“என் கார் அடிபட்டதே இல்ல!” கேப்ரியல் பாய்ந்தார்.

“உங்க கார் அடிபட்டது டாக்டர். அடிபடாதது இதுதான்.”

ஹில்டா நோட்டைத் திறந்து காட்டினாள். “இடது 512. வலது 512. நேரா இருக்கு. வளைஞ்ச வண்டி எட்டு வாரத்துல தானா நேராகிடுமா?”

“அது... நாங்க கொஞ்சம் இழுத்து விட்டோம்,” என்றான் கால்வின். “சின்ன வேலை, சொல்ல மறந்துட்டேன்.”

ஹில்டா அவன் கையெழுத்திட்ட தாளை சார்ஜனிடம் நீட்டினாள். புனிதா அதைச் சத்தமாகப் படித்தாள். “பின்பக்கம் தகர வேலை எதுவும் செய்யவில்லை.”

ஹில்டா பையிலிருந்து தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை எடுத்தாள். இரும்பின் மேல் வைத்தால், மேலே எவ்வளவு தடிமனுக்குப் பெயின்ட் இருக்கிறது என்று சொல்லும். வெறும் பெயின்ட் என்றால் எண் நூறு, நூற்றைம்பது. உள்ளே பட்டி பூசி எதையாவது மறைத்திருந்தால் எண் தாவும். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக நகர்த்தினாள். 130. 140. 135. 1,450. மறுபக்கம் போனாள். அதே இடத்தில் 1,380. பிறகு சுரண்டியை எடுத்து, காரின் உள்தரையில் அதே கோட்டில் கறுப்புப் பூச்சைச் சுரண்டினாள். காரின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, வெல்டிங் தழும்பு.

“ஹாஃப்-கட்,” என்றார் சன்னாசி மெதுவாக.

நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த சரக்கு அது. ஜப்பானில் பழைய காரை நடுவில் அறுத்து, பாதியைக் கன்டெய்னரில் கொண்டுவருவார்கள். இஞ்சினுக்காக, கண்ணாடிக்காக, விளக்குக்காக. ஒரு முன்பாதியையும் ஒரு பின்பாதியையும் ஒட்டினால் பார்வைக்கு ஒரு கார் ஆகிவிடும்.

“எட்டு வாரத்துல நீங்க பெயின்ட் அடிக்கல கால்வின். டாக்டர் காரோட இஞ்சின், கண்ணாடி, சீட், ஒவ்வொரு திருகும் இந்த ஒட்டுப்போட்ட உடம்புக்கு மாறிடுச்சு. உடம்பு நம்பரையும் வெட்டி இதுல பதிச்சிருக்கு, முன்னால பாருங்க சார்ஜன், அங்கேயும் கருவி தாவும். துரு இல்லாத முழு உடம்பைத்தான் இப்ப வெளிநாட்டுல தேடறாங்க. அது மட்டும் உங்ககிட்ட. அடிபட்ட விஷயம் உங்களுக்கும் தெரியாது. கடைசியில சீட் பூட்டலன்னதும் நீங்களும் முழிச்சீங்க. உடனே பழியை இவர் தலையில போட்டீங்க.”

கால்வின் வாசலைப் பார்த்தான். அங்கே புனிதா நின்றாள்.

“நீங்க சோம்பேறியா இருந்திருந்தா தப்பிச்சிருப்பீங்க,” என்றாள் ஹில்டா. “அந்த வாஷரைத் தொலைச்சிருந்தா சீட் அன்னிக்கே பூட்டியிருக்கும். யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது.”

கேப்ரியல் கால்வினின் சட்டையைப் பிடித்தார். மங்களம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அவனை அப்புறம் அடிங்க டாக்டர். முதல்ல போனை எடுங்க.”

“அக்கா, நான் அதை அழிச்சிடுறேன்...”

“அழிச்சா? பாத்தவங்க கண்ணையும் அழிப்பீங்களா? அதே இடத்துல, அதே போட்டோவுக்குக் கீழ எழுதுங்க. திருடன் இவர் இல்ல, நான்தான் பாக்காம பேசினேன்னு. நான் பாத்துட்டே இருக்கேன், எழுதுங்க!”

கேப்ரியல் எழுதினார். இரண்டு முறை தப்பாகத் தட்டி, மறுபடி எழுதினார். மங்களம் படித்துப் பார்த்த பிறகே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“உடம்பு எங்க?” என்று புனிதா கேட்டாள். கையில் விலங்கை எடுத்தாள். அதைப் பார்த்ததும் கால்வின் இடத்தைச் சொன்னான்.

பிற்பகல் 12.50.

காம்பார் போகும் வழியில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட இடம். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட பழைய கட்டடத்தைக் கால்வின் ஸ்டோராக வாடகைக்கு எடுத்திருந்தான். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் உடம்பு. சாம்பல் நிறப் பூச்சு, கண்ணாடி இல்லை, இஞ்சின் இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. நாளை காலை கன்டெய்னர் வருவதாக இருந்தது.

ஹில்டா உள்ளே புகுந்து அளந்தாள். இடது 512. வலது 518.

பட்டறையிலிருந்து லாரியில் ஏற்றி வந்த வலது சீட்டைச் சன்னாசி தானே தூக்கி வந்தார். கீலை வைத்தார், அடியில் வாஷர்களைப் போட்டார், போல்ட்டுகளைத் தளர்வாகத் திருகினார், சீட்டை நிமிர்த்திச் சரிபார்த்தார், பிறகு இறுக்கினார். சீட்டை முன்னால் மடக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“தள்ளுங்க டாக்டர்.”

கேப்ரியல் இரண்டு விரலால் தள்ளினார். பூட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தார், அசையவில்லை.

“அப்ப என் கார்...” என்றார்.

“அடி வாங்கின காருதான். போன நவம்பர்லயே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. அந்த ஒட்டு வண்டியில இருக்கிற சாமான் எல்லாத்தையும் கழட்டி இந்த உடம்புல போடணும். இடது கீலுக்கு வாஷர் வேணாம். வலது கீலுக்கு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெண்டு மில்லி வாஷர் மூணு. யார் கழட்டினாலும் திரும்ப மூணும் போடணும். போட்டா பூட்டும்.”