தலைமாட்டுச் செங்கல்

ஜூலை 9, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். ஏரிக்கரையில் கிடந்த செங்கற்களை யாரையும் கேட்காமல் எடுத்து வந்தேன். கேட்க அங்கே ஆள் இல்லை. இருந்தாலும் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கலாம்.

எழுதிவிட்டு சுகிர்தா தொண்டையைச் செருமினாள். மாதக்கணக்காக இதே பிழைப்பு. புதுவாயலில் மாலை வகுப்பு, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி பைப் கம்பெனியில் நைட் ஷிப்ட், விடிந்ததும் ஆரம்பாக்கத்து வாடகை அறைக்கு வந்து வயிறு முட்டத் தின்றுவிட்டு அப்படியே சாய்வது. நெஞ்செரிச்சல் இல்லை, புளித்த ஏப்பம் இல்லை. தொண்டையில் மட்டும் ஓர் உருண்டை. விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டே போனது. கம்பெனி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "எல்லாம் மனசுதாம்மா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சில சமயம், ஒருவேளை மனசுதானோ என்றும் தோன்றும். அப்போது கோபம் தன் மேலேயே திரும்பும்.

திருவள்ளூரில் தொண்டை டாக்டரம்மாதான் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை இறக்கித் திரையில் காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு.

"வயித்து ஆசிட் சத்தமே இல்லாம மேல வந்து குரல்வளையைச் சுட்டிருக்கு. நெஞ்சு எரியாததால யாரும் நம்ப மாட்டாங்க. மாத்திரை போடு, சாப்பிட்ட உடனே படுக்காத. கட்டில் தலைமாட்டுக்குச் செங்கல் குடுத்து உயர்த்திக்கோ."

குரல் அவளுக்கு உடனே வேண்டும். கூட வேலை செய்த தணிகாசலம் அண்ணன் செத்ததற்குத் திருவள்ளூரில் விசாரணை வருகிறது. துருப்பிடித்த பைப்பை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது அவர் வேலை. புகையை உறிஞ்சும் ஃபேன் நின்றுபோயிருந்தபோதும் சூப்பர்வைசர் துளசிராமன் வேலையை நிறுத்த விடவில்லை. அண்ணன் மூச்சு முட்டித் தொட்டி ஓரத்திலேயே சரிந்தார். பார்த்தவள் சுகிர்தா ஒருத்திதான். குடித்துவிட்டு விழுந்தார் என்று கம்பெனி எழுதிவிட்டது.

அவள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

செங்கற்களைக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தாள். ஜன்னலில் பழைய புடவையை மாட்டி இருட்டாக்கிக்கொண்டு படுத்தாள். வெளியே உச்சிவெயில். பழக்கதோஷத்தில் ஒருமுறை செருமினாள்.

தலைமாட்டுக்குக் கீழிருந்து யாரோ பதிலுக்குச் செருமினார்கள்.

குனிந்து பார்த்தாள். செங்கல், தூசி, ஒரு செருப்பு. தவிர, லேசாக ஆசிட் நெடி.

தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆச்சரியமாக, உருண்டை கரைந்துகொண்டே வந்தது. ஆனால் உருண்டை கரையக் கரைய, இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போனது. ஒரு நாள் எழுந்தபோது காற்று மட்டுமே வந்தது.

மறுபடி திருவள்ளூர். மறுபடி குழாய்.

"புண்ணு சுத்தமா ஆறிடுச்சே!" என்ற டாக்டரம்மா, சட்டென்று, "பேசாதம்மா" என்றார்.

சுகிர்தா வாயை இறுக மூடியிருந்தாள். இல்லை என்று விரலை ஆட்டினாள்.

திரையில் இரண்டு வெள்ளைக் குரல் நாண்களும் ஒட்டின, விலகின, ஒட்டின.

நிறுத்தி, நிதானமாக. யாரிடமோ எதையோ விளக்குவது போல.

டாக்டரம்மா குழாயை உருவினார். "தசைத் துடிப்பா இருக்கும்" என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுச் சொந்தக்காரி கெங்கம்மாள் அன்று வாடகை அறையைப் பெருக்க வந்தவள், கட்டிலடியில் துடைப்பத்தை விட்டதும் அலறினாள்.

"அடிப்பாவி! இத்த எங்கேர்ந்து எட்தாந்த?"

சுகிர்தா ஏரிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கல்லு பள்ளத்துல மஞ்சா ஒட்டினுகீது பார்டி! தணிகாசலத்துக்குக் காரியம் பண்ண கல்லு இது. முட்சுட்டு தண்ணில வுட்டாதான் செத்தவன் போய்ச் சேருவான். ஏரிதான் காஞ்சி கெடக்குதே, அப்டியே கரையில வச்சிட்டு வந்துட்டாங்க. நீ சர்ச்சுக்குப் போறவ, உங்க வேதத்துல இத்தெல்லாம் கெடையாது, உனக்கு எங்க தெரியப்போவுது! தண்ணில வுடாத கல்லு மேலயா தல வச்சிப் படுத்த?"

சுகிர்தாவுக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இருக்கிற தொண்டைகளில் என் தொண்டைதானா கிடைத்தது, அண்ணா? உனக்காகப் பேசத்தானே இதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்! செங்கற்களைக் கோணியில் போட்டு இழுத்துக்கொண்டுபோய்க் கரையில், எடுத்த இடத்திலேயே வைத்தாள். ஏரியில் பாளம் பாளமாக வெடித்த சேறு. சொட்டுத் தண்ணீர் இல்லை.

திரும்பி வந்தபோது வாசலில் பைக். உள்ளே துளசிராமன் காகிதத்தோடு நின்றிருந்தார்.

"இன்னா சுகிர்தா, தொண்ட பூட்ச்சாமே! நல்லதாப் போச்சு. நாளைக்கி விசாரணைக்கி வந்து சும்மா ஊமையாட்டம் நின்னுகினு இருப்ப. இதுல ஒரு கையெழுத்துப் போடு, அலைச்சல் மிச்சம்."

குடித்திருந்தார், நானே பார்த்தேன் என்று அவள் பெயரில் அச்சடித்திருந்தது.

நாக்கில் வந்த வசவு அத்தனையும் காற்றாக வெளியேறியது. துளசிராமன் சிரித்தார்.

அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"ஹ்க்கும்."

தொட்டிப் பக்கம் வேலை செய்த எல்லோருக்கும் தெரிந்த செருமல்.

"ஃபேன் ஓடலன்னு சொன்னேனே, துளசி." ஆண்குரல். புகையில் வெந்த குரல். "கண்ணு இருட்டுது, கொஞ்சம் வெளில நின்னுட்டு வரேன் நைனான்னு கெஞ்சினேனே."

துளசிராமன் கையிலிருந்து காகிதம் நழுவியது. பின்பக்கமாகவே நடந்தவர், வாசற்படியில் இடறி, தெருவில் ஓட ஆரம்பித்தார். பைக் அங்கேயே நின்றது.

"உள்ள யார்டி ஆம்பள?" என்று கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

யாருமில்லை என்று சொல்ல சுகிர்தா வாயைத் திறந்தாள். தன் குரலில் ஒரே ஒரு சொல், அது போதும் என்றிருந்தது.

வரவில்லை.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். முகம் கழுவினாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு எழுத உட்கார்ந்தாள்.

மூடிய வாய்க்குள் தொண்டை செருமியது.

ஜூலை 18, வியாழன். கற்களைத் திருப்பி வைத்தாயிற்று. அவர் போகவில்லை. மழை வரும்வரை போகமாட்டாரோ, வந்தாலும் போகமாட்டாரோ, தெரியவில்லை.

நாளை: முதல் பஸ்ஸில் திருவள்ளூர் போக வேண்டும். விசாரணையில் முதலில் அவர் பேசட்டும். நேரம் மிச்சமிருந்தால் நான்.