ஆடும் கதிரின் அடியில்

ஷீபா நாற்காலியில் உட்காரவே இல்லை. "வெள்ளிக்கிழமை என்னை ஆராய்ச்சியிலிருந்தே நீக்கப் போறாங்க சார். திருடின்னு பேரு வச்சு."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அடைக்கலராஜ் மின்விசிறியைக் கூட்டினார். "முதல்ல உட்காருங்கம்மா." அவருக்குத் துணையாக வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் செம்மொழிக்கோ, யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே ரத்தம் கொதித்துவிட்டது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். அனிமேஷன் படங்களில் காற்றடித்தால் வயல் முழுக்க ஒரே போர்வை மாதிரி அசையும். ஒவ்வொரு கதிரும் தன் கனத்துக்கேற்பத் தனியாக ஆடும்படி கணினியில் வரைய ஷீபா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்காகத் தை மாதம், சம்பா அறுவடைக்குச் சற்று முன், நன்னிலத்தில் அப்பாவின் வயலைப் பல கேமராக்களால் பதிவு செய்தாள். ஒரு பட நிறுவனம் அதை விரும்பிக் கேட்டது. உடனே, கூட ஆராய்ச்சி செய்யும் புகழேந்தி எல்லாம் தன்னுடையது என்று புகார் கொடுத்துவிட்டான்.

"உங்க பதிவும் அவர் காட்டுற பதிவும் ஒண்ணேதானா?" என்றார் அடைக்கலராஜ்.

"ஒண்ணுதான் சார், துறையில ஒப்பிட்டுப் பாத்துட்டாங்க. அவர் ஃபைல்ல புரட்டாசி தேதி இருக்கு. தேதியை மாத்துறது பெரிய வேலையே இல்ல. ஆனா நம்ப மாட்டேங்கிறாங்க. அவர் பதிவை என் கண்ணுலயும் காட்டல."

"உங்க மூலப் பதிவு?"

"லேப்ல இருந்துச்சு, இப்பக் காணோம். எங்கிட்ட இருக்கிறது சுத்தம் பண்ணினது. கதிர் மட்டும் போதும்னு தரையில கிடந்ததையெல்லாம் அழிச்சுட்டேன்."

மறுநாள் தஞ்சாவூரில், துறைத்தலைவர் பாத்திமா மேரியின் அறையில், அவர்கள் மூவருக்கும் முன்னால் புகழேந்தி தன் பதிவைத் திரையில் ஓடவிட்டான். முற்றிய கதிர்கள் அழகாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"எங்க மாமா வயல் சார். புரட்டாசியில, குறுவை அறுப்புக்கு முன்னாடி எடுத்தது. அறுத்ததும் அடுத்த போகமா தாளடி நட்டுட்டாங்க. தையில நான் ஹைதராபாத்ல இருந்தேன். இவங்க வயல் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

இவன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறானே என்று செம்மொழிக்கு எரிச்சலாக வந்தது. தரையில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. களை என்று நினைத்து அதை அவள் விட்டுவிட்டாள்.

"அடிப்பக்கத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க தம்பி," என்றார் அடைக்கலராஜ். "அது என்ன?"

"களை சார்."

"வயல் முழுக்க, ஒரே வயசுலயா? உளுந்துங்க அது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாடி ஈரத்துல தெளிப்பாங்க. அறுத்து முடிக்கையில முளைச்சு நிக்கும், பனியிலயே விளையும். குறுவை வயல்ல எவனும் தெளிக்க மாட்டான். அறுத்த கையோட தாளடிக்கு உழணுமே, நீங்களே சொன்னீங்க. அப்ப இது தையில எடுத்த பதிவு. தையில நீங்க ஹைதராபாத்ல. இருக்கிறதே ஒரே பதிவு. அதை எடுத்தது யாரு?"

பாத்திமா மேரி ஷீபாவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிரும்மா. உன் ஆராய்ச்சி தொடரும். பட நிறுவனத்துக்கும் நானே சொல்றேன்."

செம்மொழிக்கு அவனைப் பிடித்து இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும் போலிருந்தது. ஷீபாவோ அவனைப் பார்க்கவே இல்லை. திரைக்கு அருகில் போய், அந்த இரண்டு இலை முளைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

"அப்பா தெளிச்சது மேடம். குப்பைன்னு நான்தான் அழிச்சேன்," என்றாள். "படத்துல இதுவும் இருக்கட்டும்."