பாதிச் சுமை

கடையில் மூன்று உழவி யந்திரங்கள் நின்றன. மூன்றும் பூங்காவனத்தின் உள்ளங்கையைப் படித்துவிட்டு ஒரே பதிலைச் சொன்னன: "இந்தக் கை எல்லை தாண்டியது. இயங்க மாட்டேன்."

தாங்குமானி சட்டம் வந்து ஒன்பது வருடம். கைப்பிடியில் பதித்த ஒரு வில்லைதான் அது. பிடிக்கிறவரின் நாடி, தசை நடுக்கம், மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றையும் பார்த்து, இந்த உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லிவிடும். தாங்காதென்றால் கருவி நின்றுவிடும். பாரந்தூக்கி முதல் இஸ்திரிப் பெட்டி வரை அது இல்லாமல் எதையும் விற்கக் கூடாது. மண்வெட்டியில் பதித்தாலும் பயனில்லை என்பதால் மண்வெட்டியையே தடை செய்துவிட்டார்கள்.

பூங்காவனமும் அவள் புருஷன் எட்டியப்பனும் முப்பது வருடம் செங்கல் சூளையில் கிடந்தவர்கள். கை நடுங்குகிற ஜோடியை மேஸ்திரி மறுநாளே வெளியே அனுப்பிவிடுவான் என்பதால், அவன் வரும்போதெல்லாம் அவள் கையை முந்தானைக்குள் செருகிக்கொள்வாள். 'போதும்' என்ற சொல்லை வேலை வாங்குகிற ஒருவனும் அவளிடம் சொன்னதில்லை. முதலில் சொன்னது இந்த வில்லை. அதற்காக அதைக் கும்பிடவும் அவள் தயார்.

வீடுகளை யந்திரம் அச்சடிக்கத் தொடங்கியதும் சூளைகள் மூடின. எல்லை தாண்டிய கைக்காரர்களுக்கு உழைப்பு வாரியம் அச்சுவீடும், கொல்லையில் மூன்று சென்ட் ஓய்வு நிலமும் கொடுத்தது. நிபந்தனை மூன்று. ஆறு மாதத்துக்குள் மண்ணில் உயிர் வர வேண்டும். இல்லையென்றால் வீடும் நிலமும் வரிசையில் நிற்கிற அடுத்த ஜோடிக்கு. கை தேறிவிட்டதாகத் தாங்குமானி சொன்னால் வேலைத்தளத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவதைப் படித்துக் காட்டியபோது எட்டியப்பன் சிரித்துவிட்டான். மூன்றாவது, கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. உழ முடியாதவர்களுக்கென்றே தேடிப் பிடித்து நிலம் கொடுத்திருக்கிறோம் என்பது வாரியத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

எட்டியப்பனுக்குப் பெரிய உழவிமேல் கண். அது மூன்று சென்ட்டில் திரும்புவதற்குள் சுவர் போய்விடும் என்றாள் கடைக்காரி மெஹருன்னிசா. சின்னதற்குப் பற்கள் முன்னால். கெட்டித் தரையில் துள்ளித் துள்ளித் தோளைப் பிடுங்கிவிடும். நடுவிலிருந்ததற்குப் பற்கள் பின்னால், சக்கரம் தானே இழுக்கும், கூட நடந்தால் போதும். நடக்கத்தான் அது விடவில்லை.

பூங்காவனம் அதைச் சுற்றி வந்தாள். சூளையில் ஒற்றை ஆளை யாரும் எடுப்பதில்லை. ஒருவர் மண் மிதிக்க ஒருவர் அச்சில் அடிக்க, எப்போதும் ஜோடிதான்.

"இந்தாய்யா, நீ அந்தப் பக்கத்துப் புடியப் புடி. நான் இத்தப் புடிக்கிறேன்."

உழவி இரண்டு உள்ளங்கைகளையும் படித்தது. பிறகு, "இரண்டு கை. ஆளுக்குப் பாதிச் சுமை. தாங்கும்," என்று உறுமத் தொடங்கியது. ஆறு வருடமாக விற்கிறாள், இப்படி ஒருத்தரும் பிடித்துப் பார்த்ததில்லை என்றாள் மெஹருன்னிசா.

வீட்டுக்கு வந்ததும் சூளைக்காரர்கள் செய்கிற தப்பைச் செய்தார்கள். சூளை நின்ற இடம் அது. வெந்து இறுகிய மண். இளகட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மறுநாள் உழவி தன் மண்நாக்கை உள்ளே விட்டு ருசி பார்த்தது.

"ஈரம் அதிகம். இப்போது உழுதால் கட்டி கட்டியாகச் செங்கல்லாகிவிடும்."

"அந்த வேலதான் நமக்கு நல்லா வருமே," என்றான் எட்டியப்பன்.

நான்கு நாள் காத்திருந்தார்கள். பூங்காவனம் தினமும் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்த்தாள். சூளைக்கு ஆகிற மண் பிடித்த பிடியில் நிற்கும். தோட்டத்துக்கு ஆகிற மண் கட்டைவிரல் பட்டதும் உதிர வேண்டும். ஐந்தாம் நாள் உதிர்ந்தது.

ஓட்டுக்கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, உழவின் முதல் சால் இரண்டு விரல் ஆழம். மட்கிய எரு பரப்பி, குறுக்கே இரண்டாம் சால் ஒரு சாண். கால் மணிக்கொரு முறை உழவி நின்று, "உட்காருங்கள்" என்றது. முதல் தடவை உட்கார்ந்தபோது இருவரும் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பி மேஸ்திரியைத் தேடினார்கள்.

மூன்றாம் சாலுக்கு உழவி மறுத்துவிட்டது. "இதற்குமேல் உழுதால் மாவாகி இறுகும். மண்ணுக்குப் போதும்."

"மண்ணுக்கும் சொல்லுது பாரு," என்றாள் பூங்காவனம்.

நான்காம் மாதம் வெண்டை காய்த்தது. தண்டங்கீரைக்கு அடியில் மண்புழு நெளிந்தது. பூங்காவனம் முழு இரவும் தூங்கினாள், வயிறாரத் தின்றாள். ஒருநாள் உழவியைத் துடைக்கும்போது ஒற்றைக் கை பிடியில் பட்டது. பச்சை விளக்கு எரிந்து யந்திரம் உறுமியது. சட்டென்று அணைத்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷம்தான் முதலில் வந்தது. பிறகுதான் இரண்டாவது நிபந்தனை ஞாபகம் வந்தது.

ஆறாம் மாத முடிவில் வாரிய அலுவலர் தணிகாசலம் வந்தார். மண்ணில் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு, உயிர் வந்துவிட்டது, நிலம் உங்களுடையதுதான் என்றார். பூங்காவனம் கும்பிட்டாள்.

"கையையும் அப்படியே பிடியில வையிங்கம்மா. ஒரு பதிவுதான்."

அவள் உழவியின் அருகே போனாள். எட்டியப்பன் அடுப்படியில் இருந்தான்.

"யோவ், வாய்யா. சார் நிக்கிறாரு."

"நீங்க மட்டும் போதும்மா."

"நாங்க ஜோடி ஆளுங்க சார். தனியாப் புடிச்சிப் பழக்கமில்ல."

எட்டியப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து மறுபிடியைப் பிடித்தான். ஆளுக்குப் பாதி என்று வந்துவிட்டால் அது பாதியைத்தான் அளக்கும்; அதற்குமேல் கையில் மிச்சம் என்ன என்று பார்க்காது. பார்க்காது என்று பூங்காவனம் நம்பினாள்.

"ஆளுக்குப் பாதிச் சுமை. தாங்கும்."

பாதி என்று தணிகாசலம் குறித்துக்கொண்டார். "முழுசாத் தேற மாட்டேங்குதே," என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர். பூங்காவனம் பாத்தியில் இறங்கி இளசாகப் பத்துப் பதினைந்து வெண்டைக்காய் ஒடித்து வந்து நீட்டினாள்.

முப்பது வருடம் நடுக்கத்தை முந்தானைக்குள் மறைத்த கை. இப்போது அவர் வாங்கிக்கொள்ளும்வரை அதை வெளிச்சத்தில் நன்றாக நடுங்கவிட்டாள்.