சிவப்பு கசிந்த இடம்

நெட்காரர் வந்தபோது மணி மூன்று. நாலு மணிக்கு அந்த வீட்டு அம்மாவின் மகளை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போய்விடுவார்கள். கண்காணாத ஊர், பிழைப்பாளோ மாட்டாளோ என்கிற நிலை. அதற்குள் ஒரே ஒரு தடவை வீடியோ காலில் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தாய் துடியாய்த் துடித்தாள்.

"நாலு நாளா இதே கூத்துதான் தம்பி. மத்ததெல்லாம் ஓடுது. என் பொண்ணு கூப்பிட்டா மட்டும் கட்டாகுது."

"ரவுட்டரை மாத்தியாச்சு, பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. அப்ப கேபிள்லதாம்மா கோளாறு. உள்ள இருக்கறது கண்ணாடி நார். ஒடியக்கூட வேணாம், மடிஞ்சாலே வெளிச்சம் நின்னுடும்."

கேபிளைக் கழற்றி அதன் முனையில் பேனா போன்ற ஒரு லேசர் விளக்கைச் செருகினார். எங்கே மடிந்திருக்கிறதோ அங்கே சிவப்பாகக் கசியுமாம்.

கேபிள் கணவரின் அறைக்குள் போயிற்று. அவர் செத்து ஒரு மாதம். அதன்பின் அந்த அறையை அவள் திறக்கவேயில்லை. பிடித்தால் உடும்புப் பிடிதான் அந்த மனிதருக்கு. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளின் குரல் இந்த வீட்டில் கேட்கவே கூடாது என்றவர். பழைய டெலிபோன் இருந்த நாளில், மகள் "அம்மா" என்பதற்குள் ரிசீவர் வைக்கும் இடத்தை இரண்டு விரலால் அழுத்தி லைனைத் துண்டித்துவிடுவார்.

கதவைத் திறந்ததும் அவருடைய தைல வாசனை குப்பென்று அடித்தது. ஜன்னல் சாத்திய இருட்டில், சாய்வு நாற்காலியோரம் ஒரு சிவப்புப் புள்ளி.

"நாற்காலி அழுத்தியிருக்கும்மா."

அதை நகர்த்தி, கேபிளை நீவிவிட்டு, சுவரோடு கிளிப் அடித்தார். ரவுட்டரில் பச்சை எரிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலாகக் கால் மணி நேரம் இருந்தபோது மகள் கூப்பிட்டாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய், வெளுத்த முகம்.

"அம்மா..."

அவ்வளவுதான். திரை கறுத்தது.

நெட்காரர் மறுபடி லேசரைச் செருகிவிட்டு அறைக்கு ஓடினார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

கிளிப் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. கேபிள் அந்தரத்தில் மடிந்து நின்றது.

கசிந்த சிவப்பில் இரண்டு விரல் நுனிகள் தெரிந்தன.

கை தெரியவில்லை.

"வெளிய வந்துடுங்கம்மா..." என்றார் நெட்காரர்.

பயப்பட அவளுக்கு ஏது நேரம்? உள்ளே போய் மண்டியிட்டாள்.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், விட்டுடுங்க. அவளை ஒரு தடவை நேர்ல போய்ப் பாருங்க. உங்க கோபமெல்லாம் போயிடும்."

கேபிள் தொப்பென்று விழுந்தது. தைல வாசனையும் அடங்கிப்போனது.

நெட்காரர் இணைப்பைக் கொடுத்தார். மகளின் முகம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது.

"பயப்படாதடி கண்ணு. அப்பாவுக்குக் கோபம் போயிடுச்சு."

மகள் சிரிக்கப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, இங்க அப்பாவோட தைல வாசனை வருதே..."

அவள் தலைக்குப் பின்னால், ஆக்சிஜன் குழாய் தானாக மேலெழும்பி மெல்ல மடிந்தது.

"விடுங்க! ஐயோ, விடுங்க!" என்று தாய் திரையில் அறைந்தாள்.

பச்சை விளக்கு சிமிட்டக்கூட இல்லை. கடைசி மூச்சு வரைக்கும் அந்த அழைப்பு கட்டாகவேயில்லை.