ஐந்தரை மணி இருட்டு

படத்துக்குப் பெயரே போடவில்லை. எடுத்த எடுப்பில் ஒரு வீட்டின் கூடம் வந்தது. சோபாவில் ஒருத்தி, சாப்பாட்டு மேசையில் ஒருத்தன். அவன் சோற்றைப் பிசைகிற சத்தம் மட்டும் டிவியில் சளசளவென்று பெரிதாகக் கேட்டது. பெண்ணின் முகத்தில் பாதிதான் வெளிச்சத்தில் இருந்தது.

சிவபிரகாஷ் ஆபீசில் யாரிடமோ பென்டிரைவில் ஏற்றி வாங்கி வந்த படம். போர்ட் பிளேரில் நெட் படுத்துகிற பாட்டுக்கு, படம் பார்க்க அதுதான் சுலபமான வழி. "காமெடியாம்" என்று சொருகிவிட்டு சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தான். சங்கவி இந்தக் கோடியில் இருந்தாள்.

அவளுக்குப் படத்தில் மனம் ஒட்டவில்லை. விடிந்தால் கப்பல். கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றல் என்றால் ஆஸ்பத்திரியில் மற்ற நர்சுகள் அழுது புரண்டு ரத்து செய்துகொள்வார்கள். சங்கவி கேட்டு வாங்கியிருந்தாள். சரிவில் கீழ்வீட்டு ஒச்சம்மாவைத் தவிர ஈ காக்கைக்கும் தெரியாது. இன்றைக்கு இவனிடம் சொல்லியாக வேண்டும்.

இவன் அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். அவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது அறை வாசலில் நின்று "சோறு இருக்கா?" என்று கேட்டவன். அடித்திருந்தால் நாலு பேரிடம் காட்டக் காயமாவது மிஞ்சியிருக்கும். சே, என்ன பிழைப்பு இது!

படத்துப் புருஷனும் அதே ரகம். அவள் ஏதோ கேட்டாள். அவன் மீன்முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். அவள் அழுதாள், அவன் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தான். இதை எடுத்தவன் எவனோ, நாலு வீட்டுப் படுக்கையறையில் ஒளிந்திருந்து பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று சங்கவி நினைத்தாள். படத்துப் பெண் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. எங்கோ ஒரு நாய் குரைத்தது. படத்து நாயா, தெரு நாயா என்று பிரித்தறிய முடியவில்லை.

"என்னடி இது, சாயங்காலம் அஞ்சரைக்கே இப்படி இருட்டிக் கெடக்கு?" என்றான் சிவபிரகாஷ். அவனாக வாய் திறந்ததே அதிசயம்.

"இருட்டத்தானே செய்யும்."

"இங்க இருட்டும். மெயின்லேண்ட்ல அந்நேரம் வெயில் அடிக்கும்." சொல்லிவிட்டு, திண்டுக்கல்காரன், லேசாகச் சிரித்தான்.

அவள் இந்தத் தீவில் பிறந்தவள். கார்த்திகையில் ஐந்தரைக்கு விளக்கில்லாமல் எந்த வீடும் அவளுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் உறைக்கவில்லை. அப்படியானால் இது மெயின்லேண்டில் எடுத்ததில்லை. இங்கே எடுத்திருக்கிறார்கள்.

அதுவரை முகங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த கேமரா மெல்லப் பின்வாங்கியது. உப்புக்காற்று அரித்த ஜன்னல் கம்பி தெரிந்தது. தகரக் கூரையில் மழை தடதடத்தது. அவள் தலைக்கு மேலும் தடதடத்தது. சுவிட்ச் போர்டுக்குக் கீழே ஈரம் பூத்த பச்சைச் சுவர். போன மாதம் அவளே பெயின்ட் அடித்து மறைத்த ஈரம்.

கேமரா இன்னும் பின்னால் போனது. நடையின் இருட்டுக்குள் போய் நின்றது. இப்போது ஒரு சோபாவின் முதுகு. இரண்டு கோடியில் இரண்டு தலைகள். எதிரே டிவி.

அவர்கள் வீட்டு நடையும் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் ஈரத் துணியின் வாடை.

டிவியில் அந்தப் பெண் சொன்னாள், சங்கவியின் குரலிலேயே: "நான் போறேன்."

"எங்க போற?"

கேட்டது படத்தில் இல்லை. பக்கத்தில். சிவபிரகாஷ் டிவியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓடினாள். தாழ்ப்பாள். படி. சேறு. செருப்பில்லை. தெருவிளக்கின் கீழ் வந்து நின்றபோதுதான் மூச்சு வந்தது. அம்மாடி, வெளியே வந்துவிட்டோம்! இப்படியே கப்பல் ஏறும் ஜெட்டிக்குப் போய்விடலாம். அங்கேயே விடியும்வரை உட்கார்ந்துகொள்ளலாம்.

சரிவில் ஒச்சம்மா குடையோடு ஏறி வந்தாள்.

"யக்கா!"

ஒச்சம்மா அவளைக் கடந்து போனாள். குடைக்கம்பி தோளில் இடித்தும் நிற்கவில்லை. நேராகப் போய் சங்கவி வீட்டு ஜன்னலடியில் நின்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அடியே சங்கவி, காலையில நிக்கோபார் ஜகாஜ் புடிக்க ஆட்டோ சொல்லட்டா?"

"வேணாங்க்கா. நான் போகல." உள்ளேயிருந்து சங்கவியின் குரலிலேயே பதில் வந்தது. "மனசு மாறிடுச்சு."

"அச்சா, அச்சா. நல்லதாப் போச்சு. புருசன விட்டுட்டுப் போயி என்னத்தக் கண்ட? அவன் என்ன அடிக்கிறானா?"

ஒச்சம்மா திரும்பி இறங்கிப் போனாள். சங்கவி ஜன்னலை நெருங்கினாள். சோபாவின் நடுவில், இடைவெளியே இல்லாமல், இருவர். அவன் பேசிக்கொண்டிருந்தான். வாய் ஓயாமல், கையை ஆட்டி ஆட்டி. மறுகை பக்கத்தில் இருந்தவள் தோளைச் சுற்றிக் கிடந்தது. சங்கவிக்கு வயிறு எரிந்தது. பயத்துக்கு நடுவிலும் எரிந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் இப்படிப் பேசியிருக்கிறாயா, பாவி!

அப்போதுதான் டிவியைக் கண்டாள். அதில் மழை. ஒரு ஜன்னலுக்கு வெளியே, வெறுங்காலோடு, கம்பியைப் பிடித்தபடி ஒருத்தி.

"இந்தப் பொம்பள இனி எங்க போவா?" என்றான் சிவபிரகாஷ்.

"பாப்போம்" என்றது அவளுடைய குரல்.

சங்கவி அலறினாள். கம்பியை உலுக்கி, அடிவயிற்றிலிருந்து அலறினாள். டிவியில் நின்றவளும் வாயைப் பிளந்தாள்.

சிவபிரகாஷ் முகத்தைச் சுளித்தான். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். தொண்டைக்குள் அலறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதை அவள் உணர்ந்தாள். அவன் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தான்.