தலை எண்ணும் வெள்ளிக்கிழமை

ட்ரிங்... ட்ரிங்!

மீன் வறுக்க மாவு கரைத்துக்கொண்டிருந்த லோரெட்டா ஈரக்கையோடு போனை எடுத்தாள்.

"டமாராவோட அம்மாவா? ஸ்டெர்லிங் ஹில் ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து மிண்டி பேசறேன். வேலைக்குப் புதுசு. உங்க பொண்ணு ஸ்கூல் திறந்ததுல இருந்து வரவே இல்லையே?"

கரண்டி தரையில் விழுந்தது.

டமாரா செத்து மூன்று வருஷம்!

"எ... எந்த டமாரா?"

"டமாரா ப்ரூவிட். கவர்மென்ட் உதவித்தொகைல சேர்ந்திருக்கா. நாளைக்கு ஆடிட்டர் தலை எண்ண வர்றாரு. வராத பிள்ளைங்க வீட்டுக்கு முந்தின நாளே போன் பண்ணணுமாம்... அதான்."

லோரெட்டாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது.

அன்றைக்கு, "உதவித்தொகை வரம்பைவிட உன் சம்பளம் நாற்பது டாலர் ஜாஸ்தி" என்று டமாராவின் மனுவை அலமாரியில் வீசியவன் இதே ஸ்கூலின் டைரக்டர் ஹிக்ஸ். ஓவர்டைமை விட்டுவிட்டு மறுபடி போய் நின்றாள். "வலிப்பு வர்ற பிள்ளை எங்களுக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தான். கடைசியில் கிடைத்தது நெரிசலான ஒரு பள்ளிக்கூடம். படிக்கட்டில் வலிப்பு வந்து விழுந்த டமாராவைக் கவனிக்க ஆளில்லை.

இந்த வருஷம் மில்வாக்கி நகரத்தில் அந்தச் சம்பள வரம்பை உயர்த்திவிட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று கவர்மென்ட் பள்ளிக்குத் தரும் பணத்துக்காக ஹிக்ஸ் பழைய அலமாரியைத் திறந்திருக்கிறான். பிறப்புச் சான்றிதழ், முகவரி, கையெழுத்து... எல்லாம் டமாராவின் பழைய மனுவிலேயே தயார்!

படுபாவி! பிள்ளைக்கு உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

"நாளைக்கு நானே வர்றேன்மா" என்றாள் லோரெட்டா, பல்லைக் கடித்தபடி.

வெள்ளிக்கிழமை காலை. ஆடிட்டர் ஷ்ரோடர் பட்டியலை வாசித்தார்.

"டமாரா ப்ரூவிட்?"

"உள்ளேன் ஐயா!"

ஐஸ்க்ரீம் ஆசை காட்டி ஹிக்ஸ் எங்கிருந்தோ கூட்டி வந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். பெற்றோர் வரிசையில் இருந்த லோரெட்டா எழுந்தாள். மெல்லக் கை தூக்கினாள்.

"சார், இவதான் டமாரான்னு யார் சொல்றது?"

ஹிக்ஸ் சீறினான். "யாரும்மா நீ? தினம் பார்க்கிற பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கு மனுவோடு வந்து நின்ற லோரெட்டாவை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை!

"எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"அதுக்குப் படிவமே இருக்கு" என்று ஷ்ரோடர் நீட்டினார்.

ஹிக்ஸ் அலட்சியமாகக் கையெழுத்துப் போட்டான்.

லோரெட்டா கைப்பையைத் திறந்தாள். மரணச் சான்றிதழ்!

"நான்தான் டமாராவோட அம்மா."

ஹிக்ஸின் முகம் வெளுத்தது. "இ... இது ஆபீஸ் தப்பு! இந்த மிண்டிதான்..."

"நானா? ஒரு நாள் கூட வரலைன்னு ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேனே சார்!"

ஷ்ரோடர் போலீஸுக்கு போன் போட்டார்.

ஹிக்ஸ் லோரெட்டாவின் காதருகே குனிந்தான். "மேடம்... பேசித் தீர்த்துக்கலாம். என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு இடம் கேட்டேன். அவ செத்தப்புறம் குடுத்திருக்க. இப்ப உனக்கு ஒரு இடம் நான் பிடிச்சுத் தர்றேன்."

கால் மணி நேரத்தில் ஹிக்ஸின் கையில் போலீஸ் விலங்கு 'க்ளிக்' என்றது.

வாசல் வரை கூடவே நடந்தாள் லோரெட்டா.

"கவலைப்படாதே ஹிக்ஸ்... நீ போற இடத்துல சம்பள வரம்பே கிடையாது. ஆனா தினமும் தலை எண்ணுவாங்க!"